கண்ணாடி போட்ட பழைய படம்: இளவரசி கப்பலிலிருந்து இறங்கும் காட்சி. அசலா, நகலா?

#1 தேம்ஸ்கரைக்காரி
சனி, மாலை 6.10

வணக்கம். இந்தப் பகுதியில் எனக்கு இது முதல் இழை. இடம் மாறிப் போட்டிருந்தால் நிர்வாகிகள் நகர்த்திவிடுங்கள்.

காலையில் மழைக்கு ஒதுங்கப் போன சாரிட்டி ஷாப்பில் ஒரு படம் கண்ணில் பட்டது. 18 பவுண்டு. கறுப்பு மரச்சட்டம், உள்ளே படத்தைச் சுற்றித் தந்த நிற அட்டை (மவுண்ட்), மேலே கண்ணாடி. ஃபோட்டோ போட்டிருக்கிறேன், காட்சியையும் சொல்கிறேன். ஒரு படகுத்துறை. பின்னால் பக்கவாட்டில் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல். கப்பலிலிருந்து துறை நெடுக விரிப்பு போட்டிருக்கிறது. தலையில் பானெட் கட்டிய இளம்பெண் ஓர் இளைஞரின் கையைப் பிடித்து நடந்து வருகிறாள். இரண்டு பக்கமும் பூக்கூடையோடு பெண்பிள்ளைகள். அங்கி போட்டு, கழுத்தில் தடித்த சங்கிலி தொங்கவிட்ட பெரியவர் ஒருவர் கையில் ஏதோ காகிதத்தோடு நிற்கிறார். மேலே எங்கு பார்த்தாலும் கொடி.

கடைச் சீட்டில் 'விக்டோரியா ராணி கல்யாணம்' என்று எழுதியிருந்தார்கள். வண்ணம் இருக்கிறது, ஆனால் என்னவோ ஒட்டாத வண்ணம். இன்னொன்று: வானத்தில் வலது மூலையில் கட்டம் கட்டமாக மங்கலான நிழல். ஈரக்கறை என்றார் கடைக்காரம்மா. ஈரம் இப்படிச் சதுரம் சதுரமாகவா பிடிக்கும்?

யார் கல்யாணம்? எந்தக் காலத்துத் தாள்? 18 பவுண்டு தண்டமா?

#2 சும்மா_வந்தவன்
சனி, மாலை 6.22

சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் அந்தக் காசு சரியாப் போச்சு. ராணி இனாம்.

#3 பழையதாள்
சனி, இரவு 7.45

முதலில் கடைச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். விக்டோரியா 1840இல் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது ஏற்கெனவே ராணி. அவர் இருந்தது லண்டனில், கல்யாணம் நடந்ததும் லண்டனில். கப்பலேறி வந்து இறங்க அவருக்கு என்ன அவசியம்? வெளிநாட்டிலிருந்து வந்தவர் மாப்பிள்ளை ஆல்பர்ட்தான். உங்கள் படத்தில் வந்து இறங்குவது பெண். அதுவும் கல்யாண உடையில் இல்லை, பயண உடையில். பானெட் கட்டியிருக்கிறாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சக்கரக் கப்பல், நகரத்தலைவர் சங்கிலி, பூத்தூவும் பெண்பிள்ளைகள், கொடிக் குவியல். என் ஊகம்: 1863 மார்ச் 7, சனிக்கிழமை. டென்மார்க் இளவரசி அலெக்ஸாண்ட்ரா, விக்டோரியாவின் மூத்த மகன் வேல்ஸ் இளவரசர் எட்வர்டைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள இங்கிலாந்து மண்ணில் கால் வைத்த நாள். கப்பல் அரச குடும்பத்தின் 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்'. இறங்கிய ஊர் தேம்ஸ் கரையில் இருக்கும் கிரேவ்ஸெண்ட். மூன்று நாள் கழித்து, மார்ச் 10ஆம் தேதி, விண்ட்ஸர் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் சேப்பலில் கல்யாணம். பெண்ணுக்கு 18 வயது, பிள்ளைக்கு 21.

தாளைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல மாட்டேன். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் வயது சொல்வது கைரேகை பார்ப்பது மாதிரி.

#4 தேம்ஸ்கரைக்காரி
சனி, இரவு 8.02

சார், எனக்குக் கை நடுங்குகிறது. நான் இருப்பதே கிரேவ்ஸெண்டில்தான்! அந்தக் கடை எங்கள் ஹை ஸ்ட்ரீட் பக்கம். ராயல் டெரஸ் பியர் என்று ஒரு துறை இருக்கிறது, தினமும் அந்த வழியாகத்தான் நடக்கப் போவேன். அதுவா இது?

#5 பழையதாள்
சனி, இரவு 8.20

அதேதான் அம்மா. 1844இல் கட்டும்போது அது வெறும் டெரஸ் பியர். இளவரசி வந்து இறங்கிய பிறகுதான் பேருக்கு முன்னால் 'ராயல்' ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருக்கும் டவுன் பியரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது இன்னும் மூத்தது, 1834. வார்ப்பிரும்பில் கட்டி இன்றும் நிற்கிற துறைகளில் உலகத்திலேயே பழையது என்பார்கள்.

#6 கல்லச்சு
சனி, இரவு 9.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது கல்லச்சு, குரோமோலித்தோ, அதாவது கல்லில் வரைந்து வண்ணம் வண்ணமாக அச்சிட்டது. சந்தேகமே வேண்டாம். இந்தக் கல்யாணத்துக்கு ஒரு நினைவு மலர் வந்தது. எழுதியவர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், படங்கள் ராபர்ட் டட்லி, அச்சிட்டது டே அண்ட் சன். பெரிய அளவுப் புத்தகம், வண்ணக் கல்லச்சுப் படங்கள். அதைப் பிரித்துப் பக்கம் பக்கமாகச் சட்டம் போட்டு விற்றவர்கள் உண்டு. உங்களுடையது அதில் ஒன்றாக இருந்தால் 18 பவுண்டுக்குக் கொள்ளை லாபம். யாரிடமும் வாய் திறக்காதீர்கள்.

#7 சும்மா_வந்தவன்
சனி, இரவு 9.18

வாய் திறக்காதீர்கள் என்று பொது இழையில் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான் சார்.

#8 ஆச்சிவீட்டுப்பேரன்
சனி, இரவு 10.40

காரைக்குடிக்காரன். எங்கள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து பாருங்கள், பழைய படங்கள் அடுக்கடுக்காய்ச் சாய்த்து வைத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை: நகைக்கடை லென்ஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கணும்.

படத்தில் முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் பூப்போல வட்டமாக, ஒரே ஒழுங்கில் வந்தால் அது ஆஃப்செட். நம் காலத்து நகல், காலண்டர் ரகம். புள்ளிகள் இருந்தும் ஒழுங்கில்லாமல், கையால் குத்தியது மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று வண்ணம் ஏறியிருந்தால் கல்லச்சு. ரவிவர்மா படங்கள் அப்படித்தான். 1894இல் பம்பாயில் அவர் ஆரம்பித்த அச்சகத்துப் படத்தில் சரஸ்வதி கன்னத்தை லென்ஸில் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். புள்ளியே இல்லாமல் கறுப்புக் கோடுகள் மட்டும், அதன்மேல் வண்ணம் தண்ணியாய் வழிந்திருந்தால் அது வேறு கதை.

#9 தேம்ஸ்கரைக்காரி
ஞாயிறு, காலை 9.30

பக்கத்து வீட்டில் தபால்தலை சேர்க்கிற தாத்தாவிடம் லென்ஸ் கடன் வாங்கினேன். புள்ளி கிடையாது. ஒன்றுகூட இல்லை. முழுக்கக் கறுப்புக் கோடுகள். பெண்பிள்ளைகளின் பாவாடையில் நீலம் கோட்டைத் தாண்டி வெளியே வழிந்திருக்கிறது. விரிப்பின் சிவப்பு ஒரு பூக்கூடைக்குள்ளேயே போய்விட்டது.

இன்னொன்று. படத்தின் குறுக்கே மயிரிழை போல மூன்று வெள்ளைக் கோடுகள். ஒன்று நெடுக்கில், நேர் கோடாக, நகரத்தலைவரின் தோளை வெட்டிக்கொண்டு போகிறது. தாள் கிழிந்து ஒட்டியதோ என்று தடவிப் பார்க்க ஆசை, நடுவில் கண்ணாடி.

#10 பழையதாள்
ஞாயிறு, காலை 10.05

கிழிசல் இல்லை அம்மா. அந்த வெள்ளைக் கோடுதான் உங்கள் படத்தின் பிறப்புச் சான்றிதழ்.

இது மரச்செதுக்கு அச்சு. அந்தக் காலப் பத்திரிகைப் படங்களை பாக்ஸ்வுட் மரத்தில் செதுக்குவார்கள். பலகையை நெடுக்கில் அறுத்து அல்ல, அடிமரத்தைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டு முகத்தில். அப்போதுதான் மயிர் கனத்துக்குக் கோடு நிற்கும். ஆனால் அந்த மரம் பருத்து வளராது. ஒரு முழுப்பக்கப் படத்துக்கு ஒரே கட்டை கிடைக்காது. சின்னக் கட்டைகளைச் சேர்த்துப் பின்பக்கம் திருகாணி போட்டு முடுக்கிவிடுவார்கள். ஓவியர் மேலே படத்தை வரைந்து கொடுத்ததும் திருகைக் கழற்றி ஆளுக்கொரு கட்டை. ஒருவர் வானம், ஒருவர் கூட்டம், ஒருவர் கப்பல் என்று ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்குவார்கள். வாரப் பத்திரிகை இல்லையா, சனிக்கிழமை நடந்தது அடுத்த இதழில் வந்தாக வேண்டுமே. பிறகு மறுபடி சேர்த்து முடுக்கி, இணைப்பில் கோடு ஒட்டுகிறதா என்று தலைமைச் செதுக்காளர் சரிபார்ப்பார். அவசரத்தில் முடுக்கியது கொஞ்சம் தளர்ந்தால் இணைப்பு இடத்தில் மை ஒட்டாது. நகரத்தலைவர் தோள்பட்டை வெட்டுப்பட்டதற்குக் காரணம் அதுதான். உற்றுப் பாருங்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அங்கியின் மடிப்பும் அந்தப் பக்கம் இருக்கும் மடிப்பும் ஒரே கையின் வேலையாக இருக்காது.

என் ஊகம் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ். 1842இலிருந்து வந்த, படங்கள் நிறைந்த வார இதழ். அச்சானபோது கறுப்புவெள்ளை. வண்ணம் பின்னால் யாரோ பூசியது.

#11 கல்லச்சு
ஞாயிறு, காலை 11.20

கோடுகள் மட்டும் இருந்தால் உடனே மரச்செதுக்கா? கல்லச்சிலும் கிரேயான் கோடு வரும். வெள்ளைக் கோடு மடிப்பாக இருக்கலாம். ஃபோட்டோவை வைத்து இவ்வளவு தீர்மானமாகப் பேசுவது அழகல்ல.

#12 பழையதாள்
ஞாயிறு, காலை 11.31

ஃபோட்டோவை வைத்து 'சந்தேகமே வேண்டாம்' என்று நேற்று யார் எழுதினார்களோ அவரிடம்தான் கேட்க வேண்டும். கிரேயான் கோட்டின் ஓரம் மணல்மணலாக இருக்கும். அம்மா எழுதியதில் மணல் இல்லை.

#13 நிர்வாகி
ஞாயிறு, காலை 11.50

இரண்டு பேரும் பெரியவர்கள். மெதுவாக.

#14 கொடிமரம்
ஞாயிறு, பிற்பகல் 2.15

எனக்குக் கொடிப் பைத்தியம், அதனால் கொடியை மட்டும் பார்த்தேன். கப்பலுக்குப் பக்கத்தில் பெரிதாகப் பறப்பது வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. அது இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் கொடி. சம்பந்தி வீட்டுக் கொடி எங்கே? டென்மார்க் கொடி நேர் எதிர்: சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை, அதுவும் கம்பத்துப் பக்கம் தள்ளி.

தேம்ஸ்கரைக்காரி, அந்தக் கொடியில் லென்ஸ் வையுங்கள். சிலுவைக்கு வெளியே இருக்கும் பகுதி வெறுமையா, கோடு போட்டிருக்கிறதா?

#15 தேம்ஸ்கரைக்காரி
ஞாயிறு, பிற்பகல் 2.40

கோடு இருக்கிறது. நெருக்க நெருக்கமாக, எல்லாம் செங்குத்து. சிலுவைக்குள்தான் வெறுமை, அதன்மேல் யாரோ சிவப்பு பூசியிருக்கிறார்கள். சிலுவை நடுவில் இல்லை, கம்பத்தை ஒட்டி இருக்கிறது.

#16 கொடிமரம்
ஞாயிறு, பிற்பகல் 2.48

அப்படிப் போடு! கறுப்புவெள்ளையில் சின்னங்களின் நிறத்தைக் காட்ட ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு வழக்கம். செங்குத்துக் கோடு என்றால் சிவப்பு. கிடைக்கோடு என்றால் நீலம். புள்ளி வைத்தால் பொன். ஒன்றுமில்லாவிட்டால் வெள்ளி அல்லது வெள்ளை. செதுக்கியவர் ஒழுங்காக டென்மார்க் கொடியைத்தான் செதுக்கியிருக்கிறார். பின்னால் வண்ணம் பூசியவருக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. இங்கிலாந்துக் கல்யாணம்தானே என்று இங்கிலாந்துக் கொடி பண்ணிவிட்டார். வண்ணம் அன்றைக்குப் பூசியதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 1863இல் லண்டன் முழுக்க அந்தச் சிவப்பு வெள்ளைக் கொடிதான். அந்த வருடம் பூசியிருந்தால் கைப்பிள்ளைக்குக்கூட நிறம் தெரிந்திருக்கும்.

#17 தரங்கைவாசி
ஞாயிறு, மாலை 5.00

டென்மார்க் கொடி என்றதும் எங்கள் ஊர்க்காரன் வாய் சும்மா இருக்காது. தரங்கம்பாடியில் 1620இலிருந்து பறந்த கொடி அது. டேன்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845இல்தான் ஊரை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். அலெக்ஸாண்ட்ரா பிறந்தது 1844 டிசம்பர் 1. ஆக, அந்தப் பெண் தொட்டிலில் கிடந்தபோது தரங்கம்பாடி அவர் நாட்டின் கையில் இருந்தது. வேறு சம்பந்தம் ஒன்றும் இல்லை, சொல்லணும் போல் இருந்தது.

#18 கரிசல்காடு
ஞாயிறு, இரவு 8.30

ஒன்று கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். நம்மைச் சுரண்டிய குடும்பத்துக் கல்யாணப் படத்துக்கு நாம் ஏன் இப்படி உருகுகிறோம்? இந்தப் பையன்தானே பின்னால் ஏழாம் எட்வர்ட் என்று இந்தியாவுக்கும் சக்கரவர்த்தி ஆனவர்? பூ தூவுகிற பிள்ளைகள், சிவப்பு விரிப்பு என்று வர்ணனை. 1863 என்றால் 1857 சிப்பாய்க் கலகம் முடிந்து நாலைந்து வருடம். டெல்லியில் என்ன நடந்தது என்று அந்தத் துறையில் நின்ற யாருக்காவது நினைவு இருந்திருக்குமா?

#19 சும்மா_வந்தவன்
ஞாயிறு, இரவு 8.34

வந்துட்டார்யா.

#20 பழையதாள்
ஞாயிறு, இரவு 9.40

கரிசல்காடு கேட்டது நல்ல கேள்வி, சிரித்துத் தள்ள வேண்டாம். அதற்குப் பதில் அதே துறைக்கரையில் இருக்கிறது.

இந்தக் கரையிறங்கலை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்தவர் ஹென்றி நெல்சன் ஓ'நீல். 1864இல் முடித்தார். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரியின் சேகரிப்பில் இருக்கிறது. இந்தக் காட்சியைத் தேடினால் முதலில் வந்து விழுவது அதுதான். தேம்ஸ்கரைக்காரியின் படம் அதன் நகல் அல்ல, ஆட்கள் நிற்கும் முறையே வேறு.

ஓ'நீலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கல்யாணப் படம் அல்ல. அதற்கு ஆறு வருடம் முன்னால் 1858இல் ராயல் அகாதமியில் வைத்த 'ஈஸ்ட்வர்ட் ஹோ!'. 1857 ஆகஸ்டில் இந்தியாவில் கலகத்தை அடக்கப் புறப்படும் சிப்பாய்கள் கப்பலில் ஏறும் காட்சி. கப்பலின் பக்கவாட்டு ஏணியில் பெண்கள் இறங்குகிறார்கள், மேலே இருந்து சிப்பாய்கள் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். இடம் எது தெரியுமா? கிரேவ்ஸெண்ட்.

அடுத்த வருடம் 'ஹோம் அகெய்ன்' என்று ஜோடிப் படம் வைத்தார். தாடி வளர்ந்து, அடிபட்டு, ஊர் திரும்புகிறவர்கள். இரண்டும் அச்சுப்படங்களாகி வீட்டுக்கு வீடு தொங்கின.

ஆக, 1857இல் டெல்லிக்கு ஆள் அனுப்பிய ஊர். 1863இல் டென்மார்க்கிலிருந்து மருமகளை இறக்கிய ஊர். இரண்டையும் வரைந்தது ஒரே தூரிகை. கல்யாண மலரை எழுதிய ரஸ்ஸல் யார் என்று நினைக்கிறீர்கள்? டைம்ஸ் நிருபராகக் கிரிமியாப் போருக்குப் போனவர், 1858இல் லக்னோவில் இருந்து எழுதியவர். நினைவு இருந்திருக்குமா என்று கேட்டீர்கள். படம் வரைந்தவருக்கும் மலர் எழுதியவருக்கும் கட்டாயம் இருந்திருக்கும்.

#21 கரிசல்காடு
ஞாயிறு, இரவு 10.15

இதைத்தான் ஐயா கேட்டேன். 'ஈஸ்ட்வர்ட் ஹோ' இப்போதுதான் தேடிப் பார்த்தேன். அந்த ஏணிப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் சங்கடம்.

#22 கொழும்புத்துறை
திங்கள், காலை 6.50

அக்கா, நீங்கள் இருக்கிற இடத்துக்கு நேரெதிர்க் கரையில டில்பரி எல்லோ? எங்கட பெரியப்பா 1961இல கொழும்பில கப்பலேறி டில்பரியிலதான் இறங்கினவர். கையில ஒரு தகரப்பெட்டி, அதுக்குள்ள புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும். பூ தூவ ஒருத்தரும் வரேல்லை எண்டு பகிடியாச் சொல்லுவார். பனிப்புகாருக்குள்ள அங்கால் கரையில ஒரு வெளிச்சம் தெரிஞ்சதாம், அது எந்த ஊர் எண்டு கடைசி மட்டும் கேக்கேல்லையாம். உங்கட ஊர்தான் போல கிடக்கு. படத்தின்ர முதுகுப் பக்கத்தையும் ஒருக்கா படம் எடுத்துப் போடுங்கோ.

#23 தேம்ஸ்கரைக்காரி
திங்கள், மாலை 7.20

கொழும்புத்துறைத் தம்பி, டில்பரிக்கு இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் போதும். உங்கள் பெரியப்பா பார்த்த வெளிச்சம் எங்கள் ஊருடையதாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்து வரும் வழியில் துறைப்பக்கம் போனேன். இப்போது அங்கே கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகுகள்தான் கட்டிக் கிடக்கின்றன. துறைமுக ஆணையத்து ஆட்கள் ஆரஞ்சுச் சட்டையில் போய் வருகிறார்கள். படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு நகரத்தலைவர் எங்கே நின்றிருப்பார் என்று தேடினேன். ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். கல்யாணத்துக்கு வந்தேன் என்று சொல்ல நினைத்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதுகுப் பக்கம்: பழுப்புத் தாள் ஒட்டி மூடியிருக்கிறது. சட்டம் போட்ட கடையின் சின்னச் சீட்டு ஒன்று இருக்கிறது. உள்ளூர்க் கடை, இப்போது இல்லை. தொலைபேசி எண் 0474 என்று ஆரம்பிக்கிறது. தேதி இல்லை.

#24 ஆச்சிவீட்டுப்பேரன்
திங்கள், இரவு 8.05

தேதி இல்லை என்று யார் சொன்னது? இங்கிலாந்தில் என் தங்கை இருக்கிறாள், கேட்டேன். இப்போது உங்கள் ஊர்க் குறியீடு 01474. 1995 ஏப்ரல் 16ஆம் தேதிதான் நாடு முழுக்க ஊர்க் குறியீடுகளில் 0க்கு அடுத்து 1 நுழைந்தது. உங்கள் சட்டம் அதற்கு முந்தியது. வண்ணமும் அநேகமாக அப்போதுதான். பழைய பத்திரிகைத் தொகுப்பை வாங்கிப் பக்கம் பக்கமாக அறுத்து, வாட்டர்கலர் பூசி, மவுண்ட் போட்டு விற்பது அங்கே அன்றைக்கு நல்ல தொழில். இங்கே நம்மூரில் தேக்குத் தூணை அறுத்து மேஜை பண்ணுகிற மாதிரி.

#25 கல்லச்சு
திங்கள், இரவு 9.00

சரி. ஒப்புக்கொள்கிறேன், மரச்செதுக்குதான். ஆனால் டட்லி மலரைப் பற்றி நான் சொன்னது பொய்யில்லை. அதன் பக்கம் வேறு எங்காவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இது எத்தனை பிரதி போயிருக்கும்? அபூர்வமா?

#26 பழையதாள்
திங்கள், இரவு 9.25

அபூர்வத்துக்கு வழியே இல்லை. கல்யாணம் வந்த அந்த இதழ் 3 லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். ஐந்து மாதம் கழித்துப் பக்கோடா மடித்தது போக, பைண்டு பண்ணி வைத்த வீடுகள் ஏராளம். 18 பவுண்டு நியாயமான விலை. லாபமும் இல்லை, தண்டமும் இல்லை. கல்லச்சு அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி, நானும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

அம்மா, விலையை விடுங்கள். சட்டத்துக்குள் இருக்கும் மவுண்டின் ஜன்னல் ஓரம் எப்படி இருக்கிறது? சரிவாக வெட்டிய விளிம்பு வெள்ளையா, பழுப்பா?

#27 தேம்ஸ்கரைக்காரி
திங்கள், இரவு 9.41

டீ நிறம்.

#28 பழையதாள்
திங்கள், இரவு 10.10

அப்படியென்றால் பிரிக்கத்தான் வேண்டும். மவுண்ட் அட்டை அமிலம் உள்ள மலிவு அட்டை. படத்தைச் சுற்றி அந்தப் பழுப்பு தாளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

சட்டத்தைக் குப்புறப் போட்டு, கீழே துண்டு விரித்து, பழுப்புத் தாளை ஓரமாகக் கீறுங்கள். கடைச் சீட்டைக் கிழிக்காதீர்கள், அதுவும் வரலாறுதான். ஆணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். பின்னட்டையை நேராக மேலே தூக்குங்கள், இழுக்காதீர்கள். படம் மவுண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். செலோடேப் என்றால் அங்கேயே நிறுத்துங்கள், உரித்தால் தாளும் கூட வரும். கம் டேப் என்றால் டேப்பை மட்டும் வெட்டி விடுங்கள். எந்தக் காரணத்துக்கும் தண்ணீர் படக்கூடாது. அந்த வண்ணம் ஒரே துடைப்பில் கரைந்து ஓடும். புதிதாக அமிலம் இல்லாத மவுண்டும் பின்னட்டையும் வாங்கிப் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பழைய சட்டமும் கண்ணாடியும் அப்படியே இருக்கட்டும்.

#29 சும்மா_வந்தவன்
திங்கள், இரவு 10.14

கல்யாணம் எப்படி நடந்தது என்று யாரும் சொல்லவில்லையே. பெண் இறங்கினாள், அப்புறம்?

#30 தரங்கைவாசி
திங்கள், இரவு 11.30

அப்புறம் அலைச்சல். மாப்பிள்ளை கப்பலுக்குள் ஏறிப் போய், ஊரே பார்க்க முத்தம் கொடுத்தார், கூட்டம் ஓவென்று கத்தியது. கிரேவ்ஸெண்டிலிருந்து ரயில், தென் லண்டனில் பிரிக்லேயர்ஸ் ஆர்ம்ஸ் என்ற நிலையம், அங்கிருந்து கோச்சு வண்டியில் லண்டன் பாலம், சிட்டி வழியாக பேடிங்டன் நிலையம். நெரிசலில் வண்டி நகரவில்லை. மறுபடி ரயில், ஸ்லவ். மறுபடி வண்டி. விண்ட்ஸர் போய்ச் சேரும்போது இருட்டு, மழை.

மாமியார் விக்டோரியா துறைக்கு வரவே இல்லை. ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்ததிலிருந்து துக்கம். கல்யாணத்தன்றும் கறுப்பு உடையில், சேப்பலின் மேல்மாடத்தில் தனியாக உட்கார்ந்துதான் பார்த்தார். அடுத்த வருடமே பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க் மேல் படையெடுத்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு பகுதிகளையும் பிடுங்கிக்கொண்டன. மருமகளின் பிறந்த வீட்டை அடித்த பிரஷ்யாவில் மாமியாரின் மூத்த மகள் பட்டத்து இளவரசரின் மனைவி. சாப்பாட்டு மேஜை எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். பிரஷ்யாக்காரர்கள் மேல் அலெக்ஸாண்ட்ராவுக்கு அந்தக் கசப்பு கடைசிவரை போகவில்லை.

#31 கொடிமரம்
செவ்வாய், காலை 7.10

அந்தக் கொடியை மட்டும் சரி பண்ண முடியாதா? யாராவது நல்ல கை வைத்து வெள்ளையையும் சிவப்பையும் மாற்றி...

#32 பழையதாள்
செவ்வாய், காலை 7.25

கூடாது.

#33 தேம்ஸ்கரைக்காரி
புதன், இரவு 8.45

பிரித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம், 14 ஆணி, விரலில் ஒரு கீறல். கம் டேப்தான், தப்பித்தேன்.

மவுண்டுக்கு அடியில் பத்திரிகையின் பெயர் இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், மார்ச், 1863. நடுவில் தேதி எண் இருந்த இடத்தை யாரோ கத்தியால் சீவியிருக்கிறார்கள். படம் பக்கவாட்டில் அச்சாகியிருக்கிறது, பத்திரிகையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பழையதாள் சார், உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன். கொடிமரம், கொடி அப்படியே இருக்கட்டும், வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை.

இப்போது அந்தச் சதுர நிழல். தாளைத் திருப்பினேன். முதுகில் மூன்று பத்தி பொடி எழுத்து. கீழ் மூலையில் ஒரு சதுரங்கப் பலகை! கறுப்புக் கட்டமெல்லாம் மையில் தோய்ந்து இந்தப் பக்கம் வானத்துக்கு ஊறியிருக்கிறது. மேலே 'செஸ்' என்று தலைப்பு, கீழே ஒரு புதிர்.

#34 ஆச்சிவீட்டுப்பேரன்
புதன், இரவு 8.52

ஈரக்கறையாம்!

#35 கல்லச்சு
புதன், இரவு 9.05

அந்தப் பத்தியை அப்போது எழுதியவர் ஹோவர்ட் ஸ்டான்டன். இன்றைக்கும் போட்டிகளில் வைக்கிற காய்களுக்கு ஸ்டான்டன் காய்கள் என்று பேர் வந்தது அவரால்தான். 1845இலிருந்து அவர் சாகும்வரை அந்தப் பத்தி அவருடையது. என்னைக் கேட்டால் முன்பக்கத்தை விட இந்தப் பக்கம்தான் பெறுமதி. மேடம், புதிய சட்டத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடி போடச் சொல்லுங்கள்.

#36 சும்மா_வந்தவன்
புதன், இரவு 9.11

பலகையைத் தெளிவாக ஒரு ஃபோட்டோ, தயவுசெய்து. யார் நகர்த்தணும், எத்தனை நகர்த்தலில் மேட்?

#37 தேம்ஸ்கரைக்காரி
புதன், இரவு 9.30

போட்டிருக்கிறேன். வெள்ளை முதலில், நான்கு நகர்த்தலில் மேட் என்று எழுதியிருக்கிறது. விடை அடுத்த வாரமாம்.

#38 கொழும்புத்துறை
புதன், இரவு 11.58

குதிரையில தொடங்கினால் வராது போல. நாளைக்கு வேலை, நித்திரையும் வருகுதில்லை. ஆராவது கண்டுபிடிச்சால் இங்க போடாதேங்கோ, எனக்குத் தனிமடலிலயும் அனுப்பாதேங்கோ.